கிளாஸ் பெயர் மாறினால் டெஸ்ட் விழலாமா? ஜாங்கோ டெம்ப்ளேட்டுகளைச் சோதிப்பது பற்றி

ஜாங்கோ என்பது பைத்தான் மொழியில் இணையதளம் செய்ய உதவும் கட்டமைப்பு; அதில் டெம்ப்ளேட் என்பது தரவை நிரப்பிப் பக்கத்தை வரையும் அச்சு. வந்த கேள்வி இது: "ஜாங்கோவில் ஒரு நூலக மென்பொருள் செய்கிறோம். டெம்ப்ளேட்டுகளுக்கும் டெஸ்ட் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். இப்போது டிசைனர் ஒரு சிஎஸ்எஸ் கிளாஸின் பெயரை மாற்றினால்கூட நாற்பது டெஸ்ட் விழுகிறது. ஆனால் போன வாரம் அபராதத் தொகை பக்கத்தில் வராமலே போனதை ஒரு டெஸ்ட்டும் பிடிக்கவில்லை. டெம்ப்ளேட்டுக்கு டெஸ்ட் எழுதுவதே வீண் வேலையா, இல்லை நான் எழுதும் விதம் தவறா?"

எழுதும் விதம்தான். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. அந்த நாற்பது டெஸ்ட்டும் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கின்றன. டெம்ப்ளேட் என்ன முடிவு எடுக்கிறது என்று ஒன்றுகூடப் பார்க்கவில்லை. அதனால்தான் தோற்றம் மாறினால் கத்துகின்றன, முடிவு தவறினால் வாய் திறப்பதில்லை.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். கடன் பட்டியல் பக்கத்தின் டெம்ப்ளேட்டை ஒரு தாளில் அச்செடுத்து, பேனாவால் இஃப் (நிபந்தனை) வரும் இடம், ஃபார் (ஒவ்வொன்றாகச் சுற்றிவருவது) வரும் இடம், பட்டியல் காலியாக இருந்தால் என்று எம்ப்ட்டி வரும் இடம், செங்குத்துக் கோடு போட்டு, மதிப்பை மாற்றிக் காட்டும் ஃபில்டர் வைத்த இடம், எல்லாவற்றையும் வட்டமிடுங்கள். நூறு வரி டெம்ப்ளேட்டில் ஏழெட்டு வட்டம் விழும். டெஸ்ட் வேண்டியது அந்த ஏழெட்டுக்குத்தான். மீதி வரிகள் டிசைனருடையவை, அவர் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

உங்கள் பக்கத்தில் அநேகமாக இவை இருக்கும்: கடன் எதுவும் இல்லை என்றால் அதைச் சொல்லும் வரி, கெடு தாண்டிய புத்தகத்துக்கு மட்டும் அபராதம், வேறு யாரும் அந்தப் புத்தகத்துக்கு முன்பதிவு செய்யாதபோது மட்டும் "புதுப்பி" பொத்தான், நூலகருக்கு மட்டும் "நீக்கு". இந்த வாக்கியங்களே டெஸ்ட்டின் பெயர்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால், முன்னால் டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் வைத்துவிட்டு, மிச்சத்தைத் தமிழிலேயே "கெடு_தாண்டினால்_அபராதம்_தெரியும்" என்று எழுதலாம். நான் அப்படி எழுதியிருக்கிறேன். குழுவில் ஒருவர் முகம் சுளித்தார். ஆனால் டெஸ்ட் விழுந்தபோது என்ன உடைந்தது என்று நூலகரே திரையைப் பார்த்துப் படித்தார்.

சரி, அபராதம் காணாமல் போன கதைக்கு வருவோம். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மாடலில் (தரவுத்தள அட்டவணையைக் குறிக்கும் வகுப்பு) ஒரு புலத்தின் பெயரை மாற்றினோம், டெம்ப்ளேட்டில் மாற்ற மறந்தோம். பக்கம் அழகாக வந்தது, தொகை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பன்னிரண்டு நாள் யாரும் புகார் செய்யவில்லை. பணம் கட்ட வேண்டாம் என்றால் யார் புகார் செய்வார்கள்?

காரணம் ஜாங்கோவின் சுபாவம். டெம்ப்ளேட்டில் இல்லாத ஒரு மாறியைக் கேட்டால் அது பிழை எழுப்பாது, வெற்றுச் சரத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும். ஜாங்கோ அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்றின் இணையதள வேலையிலிருந்து பிறந்து 2005இல் வெளியானது. ஏதோ ஒரு மாறி இல்லை என்பதற்காகச் செய்திப் பக்கமே விழுந்துவிடக் கூடாது என்று பார்த்தால் இந்த அமைதி நியாயம்தான். பணம் காட்டும் பக்கத்துக்கு அது ஆபத்து.

டெஸ்ட் ஓடும்போது மட்டும் இந்த அமைதியைக் கலைக்கலாம். டெஸ்ட்டுகளை ஓட்டும் பைடெஸ்ட்-ஜாங்கோ என்ற கருவியைப் பயன்படுத்தினால் அதில் "ஃபெயில்-ஆன்-டெம்ப்ளேட்-வார்ஸ்" என்று ஒரு விருப்பத் தேர்வு உண்டு. அதைப் போட்டால் இல்லாத மாறியைத் தொடும் டெம்ப்ளேட் டெஸ்ட்டை விழவைக்கும். அது இல்லாமல் ஜாங்கோவின் சொந்த ரன்னரில் ஓட்டுகிறீர்கள் என்றால், டெம்ப்ளேட் அமைப்புகளில் "ஸ்ட்ரிங்_இஃப்_இன்வேலிட்" என்ற இடத்தில் யாரும் எழுத வாய்ப்பில்லாத ஒரு சொல்லை வைத்துவிட்டு, வரும் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாங்கள் "காணவில்லைகாணவில்லை" என்று வைத்திருந்தோம். இதை உற்பத்தித் தளத்தில் செய்யாதீர்கள். ஜாங்கோவுடன் வரும் சில டெம்ப்ளேட்டுகளே அந்த அமைதியை நம்பி எழுதப்பட்டவை.

இதில் இரண்டு ஓட்டை இருக்கிறது. முதலாவது, இஃப்புக்குள் இல்லாத மாறியைக் கேட்டால் இந்த வலை பிடிக்காது. அங்கே ஜாங்கோ அதை "நன்" (பைத்தானில் மதிப்பே இல்லை என்பதற்கான சொல்) என்று எடுத்துக்கொண்டு பொய்ப் பக்கம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு இஃப்புக்கும் மெய்ப் பக்கத்தைத் தொடும் டெஸ்ட் ஒன்றாவது வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் மெய்ப் பக்கம் எப்போதுமே வராது, அந்த டெஸ்ட் விழும். இரண்டாவது, மதிப்பு இல்லாவிட்டால் கோடு போடு என்று "டிஃபால்ட்" ஃபில்டர் வைத்திருக்கும் இடங்கள். இந்த அமைப்பை இயக்கியதும் ஃபில்டர் ஓடாமல் பிழைச் சொல்தான் வரும். அந்த இடங்களுக்கு மாறியை "நன்" என்று வெளிப்படையாகவே கொடுத்துவிடுங்கள். முதல் நாள் இதை இயக்கும்போது பழைய டெம்ப்ளேட்டுகளில் நிறைய சத்தம் வரும். எங்களுக்கு ஒரு மதியம் போனது. அதில் உண்மையான பிழை மூன்று கிடைத்தது.

அடுத்து, டெஸ்ட்டை எந்த மட்டத்தில் எழுதுவது. பலரும் எல்லாவற்றையும், பிரவுசர் போல நடிக்கும் டெஸ்ட் கிளையன்ட் வழியாகவே செய்கிறார்கள்: தரவுத்தளத்தில் பயனர் ஒருவரை உண்டாக்கு, புத்தகம் உண்டாக்கு, கடன் உண்டாக்கு, உள்நுழை, முகவரியைக் கூப்பிடு, வந்த பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடு. ஒரே ஒரு இஃப்பைச் சோதிக்க இருபது வரி ஏற்பாடு. டெஸ்ட் விழுந்தால் உள்நுழைவு உடைந்ததா, வினவல் உடைந்ததா, டெம்ப்ளேட் உடைந்ததா என்று தோண்ட வேண்டும்.

என் வழக்கம் வேறு. டெம்ப்ளேட்டின் முடிவுகளை நேரடியாகவே சோதிப்பேன்: "ரெண்டர்_டு_ஸ்ட்ரிங்" என்ற செயலுக்கு டெம்ப்ளேட் பெயரையும் கான்டெக்ஸ்டையும் (டெம்ப்ளேட்டுக்குத் தரும் மாறிகள்) கொடுத்து, திரும்பி வரும் சரத்தைப் பார்ப்பது. இதை "சிம்பிள்டெஸ்ட்கேஸ்" வகுப்பின் கீழ் எழுதுவேன். அது தரவுத்தளத்தைத் தொட விடாது, தொட்டால் பிழை எழுப்பும். வேகம் கிடைக்கிறது, கூடவே இன்னொரு லாபமும் வருகிறது. டெம்ப்ளேட்டுக்குள் புள்ளி வைத்து யாராவது ஒளித்து வைத்த வினவல் அம்பலமாகிவிடும். "கடன்.புத்தகம்.ஆசிரியர்கள்.எல்லாம்" என்று ஃபாருக்குள் எழுதிவிட்டு, ஐம்பது வரிப் பட்டியலுக்கு ஐம்பது வினவல் ஓடுவது தெரியாமலே இருக்கும் பக்கங்கள் ஏராளம்.

கான்டெக்ஸ்டில் என்ன கொடுப்பது என்பதில் ஒரு சபலம் வரும். ஜாங்கோ டெம்ப்ளேட்டில் புள்ளி வைத்தால் அது டிக்‌ஷனரியிலும் தேடும், பொருளின் பண்பிலும் தேடும். ஆகவே ஒரு டிக்‌ஷனரியைக் கொடுத்து ஏமாற்றிவிடலாம், டெஸ்ட் சின்னதாகிவிடும். செய்யாதீர்கள். மாடலில் புலத்தின் பெயர் மாறினால் உண்மைப் பக்கம் உடையும், உங்கள் டிக்‌ஷனரியில் பழைய பெயரே இருப்பதால் டெஸ்ட் பச்சையாகவே, அதாவது தேறியதாகவே, இருக்கும். உண்மையான மாடல் வகுப்பிலிருந்து பொருளை உண்டாக்குங்கள், ஆனால் சேமிக்காதீர்கள். சேமிக்காத பொருளுக்குத் தரவுத்தளம் வேண்டாம். ஐடி தேவைப்பட்டால் நீங்களே கொடுத்துவிடலாம்.

இன்னொரு பொறி: ரெண்டர்_டு_ஸ்ட்ரிங்குக்கு ரிக்வெஸ்ட்டைக் (பிரவுசர் அனுப்பும் கோரிக்கை) கொடுக்காவிட்டால், பொதுவான மாறிகளைத் தானாகச் சேர்க்கும் கான்டெக்ஸ்ட் ப்ராசசர்கள் ஓடாது. அதாவது பயனர் யார் என்ற மாறியே இருக்காது. "நூலகர் அல்லாதவருக்கு நீக்கு பொத்தான் தெரியக் கூடாது" என்று ஒரு டெஸ்ட் எழுதி, அது பச்சையாக வந்து, நீங்கள் சந்தோஷப்பட்டால், அந்தப் பச்சைக்குக் காரணம் பயனரே இல்லாததாக இருக்கலாம். ரிக்வெஸ்ட்ஃபேக்டரியில் ஒரு ரிக்வெஸ்ட் செய்து பயனரை ஒட்டி அனுப்புங்கள், அல்லது பயனரைக் கான்டெக்ஸ்டில் நேரடியாகவே வையுங்கள்.

வியூவுக்கு, அதாவது கோரிக்கையை வாங்கித் தரவைத் திரட்டி டெம்ப்ளேட்டுக்குக் கொடுக்கும் செயலுக்கு, டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வியூவுக்கும் கிளையன்ட் வழியாக இரண்டு மூன்று போதும்: சரியான கடன்களைத்தான் கான்டெக்ஸ்டில் வைக்கிறதா, அனுமதி இல்லாதவரைத் திருப்பி அனுப்புகிறதா, பட்டியலில் ஒரு வரி இருந்தாலும் ஐந்து வரி இருந்தாலும் வினவல் எண்ணிக்கை ஒன்றேதானா. ஒன்று மட்டும் அடித்துச் சொல்வேன்: பொத்தானை மறைப்பது பாதுகாப்பாகாது. டெம்ப்ளேட் டெஸ்ட்டில் "நீக்கு" தெரியவில்லை என்று உறுதி செய்தாலும், அந்த முகவரிக்கு வேறு யாராவது நேரடியாகப் போஸ்ட் செய்தால் மறுக்கிறதா என்று வியூவில் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். உண்மையான பிரவுசரை ஓட்டும் செலினியம், பிளேரைட் வகையறா டெஸ்ட்டுகளை ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இஃப்பைப் பார்க்க குரோமைத் திறப்பது கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்குவது மாதிரி.

இப்போது உங்கள் நாற்பது டெஸ்ட் ஏன் விழுகிறது என்பது. அநேகமாக இப்படி எழுதியிருப்பீர்கள்: பக்கத்தில் ஒன்று இருக்கிறதா என்று பார்க்கும் அசர்ட்கன்டெய்ன்ஸ், அதற்குள் ஒரு முழு எச்டிஎம்எல் துண்டு, கிளாஸ் பெயரோடு. சிலர் அதில் எச்டிஎம்எல் என்ற தேர்வை மெய்யாக்கினால் சரியாகும் என்பார்கள். அது வெற்றிடத்தையும் பண்புகளின் வரிசையையும் கண்டுகொள்ளாது, உண்மைதான். ஆனால் கிளாஸ் பெயர் அதேதான் இருக்க வேண்டும். ஜாங்கோ 5.0இல் ஃபார்ம்களின் இயல்பான வெளியீடு டேபிள் அமைப்பிலிருந்து டிவ் அமைப்புக்கு மாறியது. முழுத் துண்டை ஒப்பிட்டு எழுதியவர்கள் அந்த மேம்படுத்தலில் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும்.

இதற்கு மருந்து, டெஸ்ட் தேடும் அடையாளத்தையும் டிசைனர் தொடும் அடையாளத்தையும் பிரிப்பதுதான். பக்கத்தைப் பியூட்டிஃபுல் சூப் போன்ற ஒரு பார்சரில் (எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் கருவி) போட்டு, கிளாஸை விட்டுவிட்டு, பயனர் பார்க்கும் விஷயத்தைக் கொண்டு தேடுங்கள்: "புதுப்பி" என்ற எழுத்துள்ள பொத்தான், இந்த முகவரிக்குப் போகும் இணைப்பு, இந்தப் பெயருள்ள இன்புட். அப்படி எதுவும் கிடைக்காத இடத்தில் மட்டும் "டேட்டா-டெஸ்ட்" என்று ஒரு பண்பு வையுங்கள்; "இது டெஸ்ட்டுக்காக, தொட வேண்டாம்" என்று டிசைனரிடம் ஒருமுறை சொன்னால் போதும். முகவரிகளைக் கையால் எழுதாமல் "ரிவர்ஸ்" செயலிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அந்தத் தேடலை ஒவ்வொரு டெஸ்ட்டிலும் எழுதாதீர்கள். கடன் பட்டியல் பக்கத்துக்கு ஒரு சிறு வகுப்பு: உள்ளே எச்டிஎம்எல் சரத்தை வாங்கிக்கொள்ளும், வெளியே "வரிகள்", "அபராதம்", "புதுப்பிக்க முடியுமா" என்று கேட்டால் பதில் சொல்லும். டெஸ்ட் அந்த வகுப்போடு மட்டும் பேசும். அப்போது டெஸ்ட் மூன்று வரிக்குச் சுருங்கும்: கெடு தாண்டிய கடன் ஒன்றை உண்டாக்கு, பக்கத்தை வரை, அபராதம் 15 ரூபாயா என்று கேள். நாளை டேபிளை எடுத்துவிட்டு அட்டை வடிவில் மாற்றினாலும் திருத்த வேண்டியது இந்த ஒரு வகுப்பைத்தான். எழுதும் விதம் என்று நீங்கள் கேட்டதில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடுகிறது. மீதிக் கால்வாசி, எந்த மதிப்புகளை வைத்துச் சோதிக்கிறோம் என்பது. அதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இல்லை என்பதைச் சோதிக்கும் டெஸ்ட்டிலிருந்து தொடங்குவோம். அசர்ட்நாட்கன்டெய்ன்ஸ் போட்டு "அபராதம் இல்லை" என்று உறுதி செய்கிறீர்கள். பக்கமே காலியாக வந்தாலும் அது பச்சைதான். தேடும் சொல்லில் ஒரு எழுத்து தவறாக இருந்தாலும் பச்சைதான். ஆகவே இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு ஜோடி வேண்டும்: அதே உதவி வகுப்பை, அதே சொல்லை வைத்து, இருக்க வேண்டிய சூழலில் இருக்கிறது என்று காட்டும் டெஸ்ட். ஜோடியில் ஒன்றை மட்டும் எழுதினால் பாதி வேலை.

குட்டிச் சரங்களைத் தேடுவதில் இன்னொரு வினை உண்டு. ஒருமுறை "42 என்ற எண் பக்கத்தில் இருக்கக் கூடாது" என்று ஒரு டெஸ்ட் இருந்தது. எப்போதாவது ஒருமுறை காரணமே இல்லாமல் விழும், மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். கம்ப்யூட்டரைக் குறை சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினோம். கடைசியில் பார்த்தால், பக்கத்தில் ஒரு ஃபார்ம் இருந்தது, ஃபார்மில், வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கையைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன். அது எழுத்தும் எண்ணும் கலந்த 64 குறிகள், ஒவ்வொரு முறையும் புதிது. 62 குறிகளிலிருந்து தற்செயலாக எடுத்த 64 இடங்களில் ஏதோ ஓரிடத்தில் "42" அடுத்தடுத்து வர, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 60 தடவைக்கு ஒரு தடவை வாய்ப்பு. முழுப் பக்கத்தில் தேடாமல் அந்த வரிக்குள் மட்டும் தேடியிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

மதிப்புகளை அசடாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லா டெஸ்ட்டிலும் கடனின் ஐடி 1, உறுப்பினர் பெயர் "டெஸ்ட்", புத்தகம் ஒன்று என்று இருந்தால், உண்மை உலகம் கொடுக்கும் எதையும் நீங்கள் சோதிக்கவில்லை. ஐடிக்கு நான் எப்போதும் 12345 வைப்பேன். ஏன் தெரியுமா? ஜாங்கோவில் எண்களை ஆயிரம் பிரிப்பானோடு காட்டும் அமைப்பை யாராவது இயக்கிவிட்டால், இரட்டை அடைப்புக்குள் போட்ட எண் எல்லாமே காற்புள்ளியோடு வரும், ஐடி உட்பட. தொகையைக் காட்ட அது அழகு. டேட்டா-ஐடி என்ற பண்புக்குள் "12,345" வந்தால் அதை எடுத்துக்கொண்டு போகும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒன்றும் புரியாது. ஐடி 999 வரை எல்லாம் நன்றாக ஓடும், ஆயிரமாவது கடன் பதிவான அன்று தொலைபேசி அடிக்கும். அத்தகைய இடங்களில் "அன்லோகலைஸ்" ஃபில்டர் வேண்டும். தொகைக்கும் ஒரு லட்சத்தைத் தாண்டிய எண் வைத்துப் பாருங்கள். நம் ஊர் முறையில் 1,00,000 என்று வர வேண்டுமானால், நம்பர்_க்ரூப்பிங் என்ற அமைப்பில் 3, 2, 0 என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். 500 ரூபாய் வைத்துச் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

பெயருக்கு ஒற்றை மேற்கோள் உள்ள ஒன்றை வையுங்கள், டிசோசா என்பதை டி'சோசா என்று எழுதுவது போல. ஜாங்கோ அதை எஸ்கேப் செய்துதான், அதாவது எச்டிஎம்எல்லாகப் படிக்கப்படாதபடி குறியீடாக மாற்றித்தான், பக்கத்தில் போடும். எஸ்கேப் ஆன வடிவத்தை டெஸ்ட்டில் கையால் எழுதிவைத்தவர்கள் 3.0 பதிப்பு வந்தபோது மாட்டிக்கொண்டார்கள். அதுவரை தசம எண்ணாக வந்துகொண்டிருந்த மேற்கோளின் குறியீடு அந்தப் பதிப்பிலிருந்து பதினாறடிமான எண்ணாக மாறியது. பிரவுசருக்கு இரண்டும் ஒன்றே, சரமாக ஒப்பிடும் டெஸ்ட்டுக்கு வேறு வேறு. பார்சரில் போட்டு எழுத்தை எடுத்து ஒப்பிட்டால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் எஸ்கேப் செய்ய வேண்டாம் என்று சொல்லும் "சேஃப்" என்ற ஃபில்டர் போட்ட இடம் எதுவாக இருந்தாலும், அங்கே ஸ்கிரிப்ட் டேக் உள்ள ஒரு மதிப்பைக் கொடுத்து, அது டேக்காக உயிர்பெறவில்லை என்று ஒரு டெஸ்ட் கட்டாயம்.

தமிழில் தளம் செய்கிறீர்கள் என்பதால் இன்னும் சில. திரையில் ஒன்றாகவே தெரியும் இரண்டு "கொ", உள்ளே வேறு வேறாக இருக்கலாம். ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். எந்தக் கருவியில் தட்டச்சு செய்தோம் என்பதைப் பொறுத்து இது மாறும். டெஸ்ட்டில் "கொடுத்தது" என்று தேடி, பக்கத்தில் "கொடுத்தது" கண்ணெதிரே இருந்தும் இல்லை என்று டெஸ்ட் சொன்னால் இதுதான் காரணம். பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் உள்ள நார்மலைஸ் செயலை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு, இரண்டு பக்கத்துக்கும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். அதை உதவி வகுப்புக்குள்ளேயே வைத்துவிடலாம். தேடல் பெட்டியிலும் இதே கோளாறு உங்கள் வாசகருக்கு வரும், அது தனிக் கதை. ஔவையாரை "ஔ" என்ற எழுத்தால் தட்டாமல் "ஒ", "ள" என்று தட்டி வைத்திருந்தால் மட்டும் எந்த நார்மலைசும் காப்பாற்றாது. அது தரவிலேயே திருத்த வேண்டிய பிழை.

நீளமான தலைப்புகளைச் சுருக்க "ட்ரங்கேட்கேர்ஸ்" ஃபில்டர் வைத்திருந்தால் அதையும் சோதியுங்கள். அது மெய்யெழுத்தின் புள்ளியை முந்தைய எழுத்தோடு விட்டுவைக்கும், ஆனால் துணைக்குறிகளைத் தனி எழுத்தாகவே எண்ணும். வெட்டு தப்பான இடத்தில் விழுந்தால் "பொன்னி" என்பது "ப…" என்று நிற்கும். தமிழுக்குச் சொல் எண்ணிக்கையில் வெட்டும் "ட்ரங்கேட்வேர்ட்ஸ்" பத்திரம். ஒருமை பன்மைக்குப் "ப்ளூரலைஸ்" ஃபில்டர் நம் மொழிக்கும் உதவும்: "புத்தக" என்று எழுதிவிட்டு, காற்புள்ளி போட்டு "ம்", "ங்கள்" என்று இரண்டு விகுதியைக் கொடுத்தால் 1 புத்தகம், 2 புத்தகங்கள் என்று வரும். 0, 1, 2 மூன்றுக்கும் வரையச் சொல்லிப் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பன்மை வரும், அது உங்கள் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று காதால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நேரம் என்றால் ஒரே விதி: டெம்ப்ளேட் தானாகப் போய் இன்றைய தேதியைக் கேட்கக் கூடாது, வியூ கொடுக்க வேண்டும். டெஸ்ட்டில் நிலையான தேதி. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று காட்டும் "டைம்சின்ஸ்" ஃபில்டரைச் சோதிக்கும்போது எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே வருவது சாதாரண இடைவெளி அல்ல, வரி உடையாத இடைவெளி என்பதை நினைவில் வையுங்கள். இதில் ஒரு மணி நேரம் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

முழுப் பக்கத்தையும் கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்த முறை அதோடு ஒப்பிடும் ஸ்னாப்ஷாட் முறையைப் பற்றி யாராவது ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மூன்றாவது வாரத்தில் எல்லோரும் வித்தியாசத்தைப் படிக்காமலே "புதுப்பி" கட்டளையைத் தட்டப் பழகிவிடுகிறார்கள். மின்னஞ்சல் டெம்ப்ளேட் போல அபூர்வமாக மாறும் ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில சமயம் டெஸ்ட் எழுதக் கஷ்டமாக இருப்பதே ஒரு சேதிதான். "புதுப்பி" பொத்தானுக்கு மேலே உள்ள இஃப்பில் முன்பதிவு இல்லை, கெடு தாண்டவில்லை, இரண்டு முறைக்கு மேல் புதுப்பிக்கவில்லை, உறுப்பினர் நிலுவை வைக்கவில்லை என்று நான்கு நிபந்தனை கோத்திருந்தால், டெம்ப்ளேட் டெஸ்ட் பதினாறு வேண்டும். அந்த நான்கையும் மாடலில் "புதுப்பிக்கலாமா" என்ற ஒரு மெத்தடாக மாற்றுங்கள். பதினாறு வழக்கையும் அங்கே எச்டிஎம்எல் வாசனையே இல்லாமல் சோதிக்கலாம். டெம்ப்ளேட்டுக்கு மிஞ்சுவது இரண்டே டெஸ்ட்: ஆம் என்றால் பொத்தான் உண்டு, இல்லை என்றால் இல்லை.

எதற்கு எழுத வேண்டாம் என்பதும் உண்டு. "எங்களைப் பற்றி" பக்கம், அடிக்குறிப்பு, லோகோ, இவற்றுக்குத் தனி டெஸ்ட் வேண்டாம். எல்லா முகவரிகளையும் சுற்றிவந்து ஒவ்வொன்றும் 200 என்று பதில் தருகிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு டெஸ்ட் போதும். ஜாங்கோ டேக்கை (இஃப், ஃபார் போன்றவை) மூடாத பிழை, இல்லாத டெம்ப்ளேட்டை இன்க்ளூட் செய்த பிழை எல்லாம் அதிலேயே சிக்கும். ஒரு எச்சரிக்கை: நிலைக் கோப்புகளுக்கு (சிஎஸ்எஸ், படம் போன்றவை) மேனிஃபெஸ்ட் என்ற பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் வகைச் சேமிப்பை வைத்திருந்தால், டெஸ்ட்டில் "மேனிஃபெஸ்ட்டில் இந்தக் கோப்பு இல்லை" என்று பிழை வந்து நிற்கும். டெஸ்ட் அமைப்பில் மட்டும் சாதாரண சேமிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் நாற்பது டெஸ்ட்டை இன்றைக்கே அழித்துவிட வேண்டாம். அடுத்த முறை ஒன்று விழும்போது, இது எந்த முடிவைக் காக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் உதவி வகுப்பு வழியாக மாற்றி எழுதுங்கள், முடியாவிட்டால் தூக்கிவிடுங்கள். எங்கள் திட்டத்தில் இப்படிச் செய்தபோது பாதிக்கு மேல் தூக்கும்படிதான் இருந்தது.

முதலில் எழுத வேண்டியது அபராதத்துக்கான டெஸ்ட். எழுதி, பச்சை வந்ததும் நிறுத்தாதீர்கள். டெம்ப்ளேட்டைத் திறந்து அபராதம் என்ற மாறியின் பெயரில் ஒரு எழுத்தை வேண்டுமென்றே தப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள். சிவப்பு வர வேண்டும். அப்புறம் அதைத் திருத்திவிட்டு, டிசைனரிடம் சொல்லி அந்தப் பக்கத்தின் கிளாஸ் பெயர்களை எல்லாம் மாற்றச் சொல்லுங்கள். இப்போது பச்சை அசையாமல் நிற்க வேண்டும்.